ஆணியில் தொங்கிய மஞ்சள் கயிறு

இக்குறிப்பை எழுதி வைக்க வேண்டிய தேவை எங்கள் தெருப்பேச்சால் எழுந்தது. பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து சென்ற ஓர் இளம்பெண்ணைப் பற்றி இங்கே இருவகையாகப் பேசுகிறார்கள். கணவன் பிணம் வீடு வந்து சேருமுன்னரே தாலியைக் கழற்றி எறிந்தவள் என்பார் சிலர். தாலி கட்டாமலே ஒருவனோடு குடும்பம் நடத்தியவள் என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மையல்ல. நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை அருகிருந்து கண்டவன் நான் ஒருவனே. எனவே, கை நடுக்கம் இன்னும் மிகுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வேறொரு காரணமும் உண்டு. இந்நகரத்துத் தமிழன்பர்கள் சிலர் திங்கள்தோறும் ஓரிடத்தில் கூடிப் பழந்திரைப்படங்களைப் பற்றி உரையாடுவது வழக்கம். கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் ஒரு பழைய நகைச்சுவைக் காதற்படத்தைப் பற்றிப் பேச அழைத்தார்கள். முதலில் இசைந்தேன், பின்னர் மறுத்துவிட்டேன். முதுமையைக் காரணமாகச் சொன்னேன். அது காரணமன்று என்பதை அவர்கள் இதைப் படித்து அறிந்துகொள்ளட்டும்.

அப்படம் கருப்பு வெள்ளைக் காலத்தது. கடிகாரம் பழுது பார்க்கும் இளைஞன் ஒருவன். வீணை கற்பிக்கும் பெண் ஒருத்தி. அவளுக்கு ஓசை என்றாலே ஆகாது. அவனோ தன் அறை முழுவதும் கடிகாரங்களை மாட்டி வைத்திருப்பவன். அவை ஒவ்வொன்றும் தத்தமக்குத் தோன்றிய நேரத்தில் மணி அடிக்கும். தனியாளுக்கு வீடு கொடுக்க மறுக்கும் ஓர் உரிமையாளரை ஏமாற்ற இருவரும் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். கடையில் வாங்கிய மஞ்சள் கயிறு ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். உரிமையாளர் கதவைத் தட்டும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் அதை எடுத்து அணிவாள். ஒருமுறை அவள் அடுப்படியில் இருக்க, அவன் பதறிப்போய் அதை எடுத்து வீச, அது குழம்புச் சட்டியில் விழ, அவள் குழம்பு சொட்டச் சொட்ட அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைத் திறப்பாள். அரங்கமே அதிரும்படி சிரிப்பார்கள். இறுதியில் கடிகாரங்கள் அனைத்தும் முதன்முறையாக ஒரே நேரத்தில் ஒலிக்க, இருவருக்கும் மெய்யாகவே திருமணம் நடக்கும்.

மணமான புதிதில் என் மனைவியோடு அதை இந்நகரத்து அரங்கு ஒன்றில் கண்டேன். குழம்புக் காட்சியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது இன்றும் நினைவில் இருக்கிறது.

இனி மாடிக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடி ஓர் உள்ளறையும் ஒரு கூடமும் சமையற்கட்டும் கொண்டது. குடும்பத்தார்க்கு மட்டுமே விடுவது என்பது என் மனைவியின் விதி. இப்பகுதியில் ஏறத்தாழ எல்லா வீட்டாரின் விதியும் அதுவே. பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலை தேடி வரும் இளைஞர்கள் தெருத்தெருவாக அலைந்து, கதவு திறக்குமுன்னரே மறுக்கப்பட்டுத் திரும்புவதை நாள்தோறும் காணலாம்.

தரகர் ஒருவர் அவ்விருவரையும் அழைத்து வந்தார்.

"புதுசா கல்யாணம் ஆன ஜோடிம்மா. நம்ம தமிழ்ப் பசங்க. பொண்ணுக்கு ஐடில வேலை, பையன் பொம்மசந்திரால மெஷின் ஆபரேட்டரு. ஒரு சத்தம் இருக்காது."

என் மனைவி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊரும்மா?"

"எனக்குத் திண்டுக்கல் பக்கம் ஆன்ட்டி. அவருக்குத் திருவண்ணாமலை பக்கம்."

"அடேங்கப்பா. அது எங்க, இது எங்க. லவ்வா?"

"ஆமாங்க," என்றான் அவன். "இல்ல ஆன்ட்டி, வீட்ல பாத்தது," என்றாள் அவள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

என் மனைவிக்குச் சிரிப்பு தாளவில்லை. "மொதல்ல ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் உள்ள வாங்க."

"லவ் பண்ணாங்க, அப்புறம் வீட்ல பாத்து முடிச்சாங்க. ரெண்டும் சரிதாம்மா," என்று தரகர் முடித்துவைத்தார்.

அவ்விருவரைப் போல ஒருவருக்கொருவர் ஒவ்வாத இருவரை நான் கண்டதில்லை. அவள் மரக்கறி உண்ணும் குடியில் பிறந்தவள். அவனுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அவன் இரவு முழுவதும் ஆலையில் நின்றுவிட்டுக் காலையில் வந்து உறங்குவான். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள்களில் கூடத்தில் அமர்ந்து உரத்த குரலில் ஆங்கிலம் பேசுவாள். அவன் கால் படும் இடமெல்லாம் மணல். அவளோ மிதியடியைக் கூடக் கோடு போட்டதுபோல வைப்பவள். மாடியிலிருந்து இறங்கி வரும் சொற்போர் எங்களுக்குக் காலை வானொலி போல ஆயிற்று.

"ஹலோ! பக்கெட்ல ஊற வெச்ச துணிய எடுத்து வெளிய போட்டது யாரு?"

"பக்கெட் என்னோடது மேடம்."

"துணி ஊறும்போது யாராவது எடுப்பாங்களா?"

"குளிக்காம யாராவது தூங்குவாங்களா? உடம்பெல்லாம் ஆயிலு. நீங்க வந்து ஒரு நாள் நின்னு பாருங்க அந்த மெஷின் முன்னாடி."

"நீங்க வந்து ஒரு நாள் என் மேனேஜர்கிட்டப் பேசிப் பாருங்க."

கீழே என் மனைவி முறத்தில் அரிசியைப் பரப்பியபடி நகைப்பாள். "கேட்டீங்களா? இவ புருஷன ஹலோங்கறா, அவன் பொண்டாட்டிய மேடம்ங்கறான். நாம கூட மொதல் வருஷம் இப்பிடித்தான் அடிச்சிக்கினோம், ஞாபகம் இருக்குதா?"

எனக்கு அப்படி நினைவில்லை. ஆனால் மறுக்கவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அப்பழைய படம் வந்தது. என் மனைவி மாடிப்படிக்குக் கீழே நின்று இருவரையும் கூவி அழைத்தாள். நால்வரும் எங்கள் முன்னறையில் அமர்ந்தோம். அவன் தரையில் காலை நீட்டிக்கொண்டு, கடிகாரம் ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் தொடையைத் தட்டிச் சிரித்தான். "சார், இது எங்க ஷெட்டு மாதிரியே இருக்குது சார்" என்றான். அவள் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தாள். குழம்புக் காட்சி வந்தது. அவன் சிரிப்பு நடுவிலே அறுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கை தன் கழுத்துக்குச் சென்று, கயிறு இருப்பதை உறுதி செய்துகொண்டு, மடிக்குத் திரும்பியது. பின்னர், மற்ற மூவரும் ஓய்ந்தபின், அவள் மட்டும் தனியாகச் சிரித்தாள்.

அதற்குச் சில நாள்களுக்குப் பின் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தது. நீர்க்குழாயை மூட மாடிக்குச் சென்றேன். அவர்கள் கதவு திறந்து கிடந்தது. உட்பக்கம் சுவரில் ஓர் ஆணி. அதில் வண்டிச் சாவியும் வீட்டுச் சாவியும். அவற்றோடு மஞ்சள் கயிறும் தொங்கியது. அவள் கூடத்தில் கணினியின் முன் இருந்தாள். அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை. நான் ஆணியைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

எழுந்து வந்து வாயிற்படியில் நின்றாள். "அன்னிக்கு அந்தப் படம் பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன் ஐயா."

நான் தொட்டியை மறந்து அங்கேயே நின்றேன்.

"ஹாஸ்டல்லதான் இருந்தேன். என் ஷிஃப்ட் முடிஞ்சு போறதுக்குள்ள கேட்டப் பூட்டிடுவாங்க. ரெண்டு தடவ வெளியவே நின்னேன். தனியா வீடு கேட்டா யாரும் தரல. ஒரு வீட்டு வாசல்ல என்ன வேண்டாம்னு சொன்னாங்க, அடுத்து நின்ன அவரையும் வேண்டாம்னு சொன்னாங்க. அப்போ அந்தப் புரோக்கர்தான் சொன்னாரு, நீங்க ரெண்டு பேரும் ஃபேமிலின்னு சொன்னா என்னன்னு."

"உன் தந்தையார்க்குத் தெரியுமா?"

"இன்னும் ஹாஸ்டல்ல இருக்கேன்னுதான் நெனச்சிட்டிருக்காரு. தெரிஞ்சா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. வேலை, பெங்களூரு எல்லாம் அதோட சரி. அடுத்த முகூர்த்தத்துல எவனோ ஒருத்தனுக்குக் கட்டி வெச்சிடுவாரு." அவள் குரல் தாழ்ந்தது. "ஆன்ட்டிகிட்டச் சொல்லிடாதீங்க ஐயா."

சொல்வதில்லை என்றேன். இதில் தீங்கு ஒன்றையும் நான் காணவில்லை. அவர்கள் வாழ்வும் அப்படத்தின் வழியே நடந்து, ஒருநாள் மெய்யான மாலையோடு எங்கள் வாயிலில் வந்து நிற்கும் என்றே நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் அவன் வீடு திரும்பவில்லை. இரவு வேலை முடித்து வருகையில் ஒசூர் நெடுஞ்சாலையில் சரக்குந்து ஒன்று அவன் வண்டிமீது மோதிவிட்டது. அவன் கைப்பேசியில் இறுதியாகப் பேசியது அவளோடு என்பதால் செய்தி அவளுக்கே முதலில் வந்தது. உடுத்திருந்த உடையோடு படியிறங்கி ஓடி வந்தாள். நானும் உடன் சென்றேன். மருத்துவமனையை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அங்கிருந்த காவலர் கன்னடத்தில் வினவினார்: "நீவு யாரு? ஹெண்ட்தியா?" மனைவியா என்பது கேள்வி. அவளுக்குப் புரிந்தது, விடை சொல்லவில்லை. நான் வீட்டு உரிமையாளன் என்று சொல்லி, ஆலைத் தோழர்கள் வந்து அவன் தாய்க்குச் செய்தி சொல்லும்வரை அங்கேயே நின்றேன். அவள் சுவரோரம் ஒரு நீள் இருக்கையில் அமர்ந்து, அவன் உணவுப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தாள். அதன் மூடி நெளிந்திருந்தது.

நாங்கள் தெருவுக்குத் திரும்பியபோது வாயிலில் பெண்கள் கூடியிருந்தனர். வாடகை வண்டியிலிருந்து அவள் இறங்கியதும் பேச்சு நின்றது. பின் எதிர்வீட்டம்மாளின் குரல், தாழ்த்தியும் தாழ்த்தாமலும் கேட்டது.

"ஏன்ரீ, கழுத்தப் பாருங்க. வெறுங்கழுத்து. இன்னும் பாடியே வரல. அதுக்குள்ள கழட்டிட்டாளா?"

என் மனைவிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறி நீண்ட நாள்களாயின. அன்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். இறங்கி வந்தபோது கையில் மஞ்சள் கயிறு இருந்தது. முன்னறையில் தரையில் அமர்ந்திருந்த பெண்ணின் தலையை நிமிர்த்தி, கூந்தலை ஒதுக்கி, அதை அவள் கழுத்தில் போட்டாள்.

"பதட்டத்துல மறந்துட்டு ஓடியிருக்கு புள்ள. இரு கண்ணு. எல்லாம் முறையா நடக்கணும். இல்லன்னா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

அவள் என் மனைவியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். ஆணியிலிருந்து கயிறு கழுத்துக்கு வருவதைத்தான் நாங்கள் நால்வரும் இவ்வறையில் அமர்ந்து திரையில் கண்டு சிரித்தோம். இப்போது அது வந்திருப்பது ஊரார் முன்னிலையில் கழற்றப்படுவதற்காக. உண்மையைச் சொல்வதா வேண்டாவா என்பது அவளுக்குரிய முடிவு. நான் அவளுக்குக் கொடுத்த சொல்லும் அவளுடையதே.

பிற்பகலில் உடலைக் கொண்டு வந்து முற்றத்தில் கிடத்தினார்கள். சற்றுப் பின் அவன் தாயும் தாய்மாமனும் வந்து சேர்ந்தார்கள். தந்தை இல்லாதவன் அவன். தாய் இந்தத் தம்பியின் வீட்டில் வாழ்பவள். அத்தம்பியின் மகளுக்குத் திருமணம் வைத்திருந்தார்கள். வாசலில் பந்தல் போட்டாயிற்று. பந்தலிட்ட வீட்டுக்குப் பிணத்தைக் கொண்டு போவதில்லை என்பதால் இங்கேயே எரித்துவிடுவது என முடிவு செய்து வந்திருந்தார்கள். தாய் மகன்மீது விழுந்து அழுது ஓய்ந்தாள். அப்போதுதான் யாரோ சொன்னார்கள்: "மருமக உள்ள இருக்குதும்மா."

அத்தாயின் முகம் மாறியதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. "மருமகளா? எனக்குத் தெரியாம எனக்கு மருமகளா?" என்றாள். எழுந்து உள்ளே வந்தாள். பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். பின் முகத்தைப் பார்த்தாள். ஏசுவாள் என எதிர்பார்த்தோம். ஆனால் பெண்ணின் அருகில் அமர்ந்து அவள் முகவாயைத் தொட்டாள்.

"கண்ணு, நான் பாக்கலன்னாலும் அவன் வாழ்ந்திருக்கானே. ஆக்கிப் போட ஒருத்தி இருந்திருக்காளே. போதும் எனக்கு."

தாய்மாமன் வாயிலில் நின்று குரல் கொடுத்தார். "அக்கா, நேரம் ஆவுது. அந்தப் பொண்ணுக்குச் செய்ய வேண்டியத இங்கயே செஞ்சி முடிச்சிடலாம். திரும்பி இன்னொரு தடவ வர முடியாது. கல்யாண வேல கெடக்குது."

பெண்கள் அவளை எழுப்பி முற்றத்துக்கு அழைத்து வந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம் இட்டார்கள். கைக்குக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். இவை அனைத்தும் கடைசியாக ஒருமுறை இட்டு, உடனே களையப்படுவதற்கு. இசைந்து நின்றால் அவள் கைம்பெண். ஆனால் அத்தாய்க்கு ஓர் ஆறுதல் இருக்கும், இத்தெருவில் அவளுக்கு இரக்கம் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் இரக்கமும் இல்லை, வீடும் இல்லை. எதைச் செய்தாலும் திண்டுக்கல்லுக்குச் செய்தி போகும். அவள் அசையாமல் நின்றாள். அசையாமலே நின்றுவிடுவாள் என்று எண்ணினேன்.

அத்தாய் தன் கையால் பூவை எடுத்து அவள் கூந்தலில் செருகினாள். பூ நழுவியது, அதை எடுத்து மீண்டும் செருகினாள். அப்போது பெண் பேசினாள்.

"அம்மா, உங்க புள்ள என்னக் கட்டிக்கல."

"என்னா கண்ணு?"

"இந்தத் தாலி வீடு கெடைக்கறதுக்காகப் போட்டது. தனித்தனியாக் கேட்டா யாரும் வீடு தரல. நாங்க ரூம்மேட்ஸ்மா. அவ்ளோதான்."

"அப்பிடின்னா இன்னா?" என்றார் மாமன்.

"கட்டாமயே குடும்பம் நடத்திருக்கா. வேற இன்னா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"குடும்பம் நடத்தல. அவரு உள் ரூம்ல, நான் ஹால்ல. ஒரே வீட்ல இருந்தோம். சமைக்கறது கூடத் தனித்தனி."

"தூ! பொய் மேல பொய்யா?" "நம்ம பொண்ணுங்க இருக்கிற தெருவுல..." "ஓனருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" பல குரல்கள் எழுந்தன. எது யாருடையது எனப் பிரித்தறிய இயலவில்லை. என் மனைவி தூணைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

அத்தாய் மட்டும் அவற்றைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே.

"அப்போ எம் புள்ள கல்யாணம் ஆவாதவனாத்தான் போறானா?"

"ஆமாம்மா."

"எம் புள்ள மேல கை வெச்சிச் சொல்லு."

அவள் முழந்தாளிட்டு, அன்று காலை முதல் முதன்முறையாக, அவன் நெஞ்சின்மேல் கை வைத்தாள். "ஆமாம்மா. ஆகல." கையை உடனே எடுக்கவில்லை. மாமன்தான், "போதும், எந்திரி" என்றார்.

தாய் தம்பியைப் பார்த்தாள். "எருக்கு வெட்டிக்கினு வாடா."

மணமாகாமல் இறந்தவனை எடுத்துச் செல்லுமுன் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டி மணம் முடித்து அனுப்பும் வழக்கம் வடபகுதிக் குடிகள் சிலரிடம் உண்டெனக் கேள்விப்பட்டிருந்தேன், கண்டதில்லை. எங்கள் வீட்டை அடுத்த வெற்று மனையில் எருக்கு மண்டிக் கிடக்கிறது. மாமன் பூவோடு ஒரு கிளையை வெட்டிக் கொணர்ந்து உடலின் இடப்பக்கத்தில் சாய்த்தார். புதுக்கயிறு வாங்க ஆளனுப்பத் திரும்பினார்.

தாய் பெண்ணிடம் கேட்டாள். "உன் கழுத்துல இருக்குதே, அது யாரு வாங்குனது?"

"அவருதான் போய் வாங்கிட்டு வந்தாரு."

"கழட்டிக் குடு."

"அது ஒரு பொண்ணு கழுத்துல கெடந்ததாச்சே அக்கா," என்றார் மாமன்.

"யாரும் கட்டாதது எப்பிடிடா தாலி ஆவும்? எம் புள்ள கடைக்குப் போயிப் பாத்து வாங்கியிருக்கான். இதையே கட்டு."

பெண் தானே கழற்றிக் கொடுத்தாள். மாமன் அதை இறந்தவன் விரல்களில் தொடுவித்து, எருக்கங்கிளையில் மூன்று முடிச்சிட்டார். கிளையின் பால் கயிற்றில் வழிந்தது. யாரோ அரிசியைத் தூவினார்கள். பின் கிளையை இரண்டாக ஒடித்துப் போட்டார்கள். அவ்வளவில் அவன் மணமும் முடிந்தது, அவன் மனைவியும் முடிந்தாள்.

பெண் தன் தலைப்பூவைக் களையக் கையை உயர்த்தினாள். தாய் தடுத்தாள். "எடுக்காத. வளையலும் இருக்கட்டும். உனக்கு இதுல ஒண்ணும் இல்ல கண்ணு. நீ போ."

அதை ஓர் அருளாகவே அத்தாய் சொன்னாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதன்பின் அவள் நிற்க அம்முற்றத்தில் இடம் இல்லாமற்போயிற்று. உறவினர் ஒருபுறம், ஆலைத் தோழர்கள் ஒருபுறம், தெருவார் ஒருபுறம். அவள் பூவோடும் குங்குமத்தோடும் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் நின்றாள். பாடையைத் தூக்கியபோது வாயிற்கதவுவரை வந்து நின்றுவிட்டாள்.

அன்று மாலை என் மனைவி என் முகத்தைப் பாராமலே சொன்னாள். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க. பொய் சொன்னாங்கறதுக்காவ இல்ல. எங்கையால எடுத்துட்டு வந்து போட்டேனே. அறுக்கறதுக்கு நானே போட்டேனே."

முற்றத்தில் சிந்திக் கிடந்த அரிசியை நான் பெருக்கினேன்.

காலி செய்யச் சொல்லும் தேவையே எழவில்லை. முற்றத்தில் நடந்ததை யாரோ கைப்பேசியில் பதிந்து பரப்பியிருந்தார்கள். சில நாள்களில் அவள் தந்தை ஒரு சிறு வண்டியோடு வந்தார். மெலிந்த மனிதர், உரக்கப் பேசாதவர். பெட்டிகளைத் தாமே சுமந்து இறக்கினார். என்னிடம் வணக்கம் சொல்லிவிட்டு, சற்று நின்று, "கல்யாணம் பண்ணி அறுத்திருந்தாக்கூட ஊர்ல ஒரு பதில் சொல்லிடுவேன் சார். இதுக்கு என்னன்னு சொல்றது?" என்றார்.

சாவியைக் கொடுக்க அவள் மட்டும் உள்ளே வந்தாள். என் மனைவி சமையற்கட்டிலிருந்து வெளிவரவில்லை.

"நீங்களும் அந்தப் படத்துல வர்ற மாதிரிதான நெனச்சீங்க ஐயா?"

"ஆம்," என்றேன்.

"அதெல்லாம் இல்லய்யா. எனக்கு அவரப் பிடிக்கவே பிடிக்காது. அந்தக் கருவாட்டு நாத்தத்துக்காகவே வேற வீடு பாத்துட்டிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா காலைல அவர் வண்டி வந்து நிக்கற சத்தம் கேக்கும்ல? அதுக்கப்புறம்தான் எனக்கு நல்ல தூக்கமே வரும். இப்போ தூக்கம் வரமாட்டேங்குது. ஆஃபீஸ்ல லீவு கேட்டேன். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டாங்க. ரூம்மேட்டுன்னா லீவு இல்லையாம்."

சமையற்கட்டில் பாத்திர ஓசை நின்றிருந்தது. அவள் அத்திசையை நோக்கி, "வரேன் ஆன்ட்டி" என்றாள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு என் மனைவி வாயிலுக்கு வந்து, நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

இவ்வளவு நடந்தபின்தான் தமிழன்பர்களின் அழைப்பு வந்தது. உரைக்கு ஆயத்தம் செய்ய அப்படத்தை மீண்டும் பார்த்தேன். முன்பு கருதாத ஒன்றைக் கண்டேன். அப்படத்தில் அவ்விருவருக்கும் தாய் இல்லை, தந்தை இல்லை, மாமன் இல்லை. ஊரிலிருந்து யாரும் வருவதில்லை. அண்டை வீட்டார் வந்தாலும் சிரிக்கவே வருகிறார்கள். யாருமற்ற இருவரைக் கொண்டுவந்து ஒரு வீட்டில் வைத்ததால்தான் அப்பொய் கடைசிவரை ஒரு விளையாட்டாகவே இருக்க முடிந்தது. இதைக் குறித்துக்கொண்டிருக்கையில் குழம்புக் காட்சி வந்தது. உள்ளறையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"அத நிறுத்துங்க."

நிறுத்தினேன். எஞ்சிய பகுதியை இன்றுவரை பார்க்கவில்லை. முழுவதும் மீண்டும் பார்க்காத படத்தைப் பற்றி அவையில் பேசுவது முறையன்று.

இதைப் படிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். எருக்கு மணத்தின் முறைகளை நான் கண்டது ஒருமுறையே, அதுவும் கலங்கிய கண்களோடு. அவ்வழக்கம் உடைய குடியினர் என் விவரிப்பில் பிழை இருப்பின் எடுத்துரைக்கட்டும். படத்தின் கதையிலும் என் நினைவு தவறியிருக்கலாம், அறிந்தோர் திருத்தட்டும். அன்று எங்கள் முற்றத்தில் நின்றோர் எவரேனும் நான் எழுதியதற்கு மாறாகக் கண்டிருந்தால் அதையும் சொல்லட்டும். பிறர் சொல்லக் கேட்டதாக அன்றித் தாமே கண்டதாக இருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. எல்லாரினும் மேலாக அப்பெண் இதைப் படிக்க நேர்ந்தால், அவன் நெஞ்சின்மேல் அவள் வைத்த கையைப் பற்றி நான் ஏதும் கூட்டியோ குறைத்தோ எழுதியிருக்கிறேனா என்று பார்த்து, அவளே திருத்த வேண்டும். அத்திருத்தத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே சேர்ப்பேன்.